பதினொன்றைக் காணோம்

வேளச்சேரி ஏரிக்கு முதுகைக் காட்டி நிற்கிறது கட்டடம்.
பதினாலு மாடி. மாடிக்கொரு சிவப்புப் பெட்டி,
பெட்டிக்குள் போன்.
அதில் எண்கள் கிடையாது.
எண் தேடும் நிதானம் இல்லாதவர்களுக்கானது.
எடுத்தால் போதும், கீழே மணி அடிக்கும்.

முபீன் மேலே இழுக்க, நான் கீழிருந்து கேபிள் விட்டேன்.
தீயில் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று
உறையில் அச்சடித்திருக்கிறார்கள்.
தாங்கியதைப் பார்த்த எவரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை.
ஆறாம் மாடி ஷாஃப்டுக்குள் கை விட்டால்
சிமெண்டுத் தூசி, கசங்கிய குட்கா உறை,
மூன்று குச்சியின் மேல் ஒரு புறா முட்டை.
கிளாம்பை ஒரு சாண் தள்ளி அடித்தோம்.
அந்த இடத்தில் லைன் கொஞ்சம் கோணல்.
இன்ஸ்பெக்‌ஷனில் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

பானலுக்கு வரைபடம் காட்டிய இடம்
இரண்டாம் பேஸ்மெண்ட், பம்ப் ரூம் சுவர்.
அங்கே தூணில் என் தோளுயரத்துக்கு
ஒரு பழுப்புக் கோடு.
கட்டடம் பாதியில் நின்ற வருஷம் வந்த மழை.
இரண்டு முறை பெயிண்ட் அடித்தும்
வெள்ளைக்குள்ளிருந்து திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிறது.
சைட் என்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினேன்.
"டிராயிங்ல இருக்கிறத மாட்டுங்க, பிலோமினா."
தண்ணி என்ன டிராயிங் பார்த்தா சார் வருது?
இது ராத்திரி பஸ்ஸில் தோன்றிய பதில்.
அப்போது "சரி சார்" என்றுதான் சொன்னேன்.

மறுநாள் டீக்கடை ஸ்டூலைக் கேட்டு வாங்கி
அதன்மேல் ஏறி, கை எட்டிய கடைசி உயரத்தில் மாட்டினேன்.
பிறகு தரைத்தளத்து ஃபால்ஸ் சீலிங்குக்குள்
போக ஒன்று, வர ஒன்று,
பதினெட்டுப் பதினெட்டு மீட்டர் சுருட்டி வைத்தேன்.
என்றைக்காவது யாருக்காவது புத்தி வந்து
பானலை ரிசப்ஷனுக்குத் தூக்கினால் எட்டட்டும்.
பில்லில் அதை வேஸ்டேஜ் என்று எழுதினேன்.

சோதனை.
ஒவ்வொரு மாடியாக முபீன் எடுத்தான்.
"கேட்குதா?"
"கேட்குது."
"கேட்குதா?"
"கேட்குதுப்பா, வெத்தல பாக்கு வச்சா கூப்பிடணும்? அடுத்ததுக்குப் போ."
பத்து முடிந்ததும் மஞ்சள் விளக்கு.
பதினொன்றைக் காணோம் என்கிறது பானல்.
"நான் இங்கதான்க்கா நிக்கிறேன்" என்கிறான் அவன்,
ஒன்பதாம் மாடியின் எண்ணில்.
அரிசி அளவு சுவிட்சுகளின் வரிசையில்
மேலே இருக்கவேண்டிய ஒன்று கீழே இருந்தது.
ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.
நகத்தால் தள்ளினான், சரியாயிற்று.
எனக்குத்தான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.
அவன் பதினொன்றில் நிற்க,
புகைக்குள் ஒன்பதைத் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

இரவுக் காவலுக்கு பிப்லப். அகர்தலாவுக்குப் பக்கத்து ஊர்.
சொல்லிக்கொடுத்ததை நோட்டில் வங்காள எழுத்தில் எழுதினான்:
எந்த மாடி. எத்தனை பேர். புகை இருக்கா.
"தீதி, கேளு சொன்னா, வாயா காதா?"
"ரெண்டும்" என்றேன்.
மூடிய நோட்டைத் திரும்பத் திறந்தான்.
"எல்லாம் கேட்டாச்சு. ஆள் வர்ற வரைக்கும்
நான் என்ன பேசறது?"
மேனுவல் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பேட்டரி மாற்றும் முறை நாலு மொழியில் இருக்கிறது.
இது இல்லை.
"வைக்காத. ஒண்ணும் தெரியாட்டியும்
போனை மட்டும் வைக்காத."
அதையும் எழுதிக்கொண்டான்.

கையெழுத்து வாங்கிக் கிளம்பும்போதுதான் கவனித்தேன்,
ரிசீவர் அவன் கைக்கு எட்டவில்லை.
டீக்கடைக்காரருக்கு முந்நூற்றைம்பது கொடுத்துவிட்டேன்.
ஸ்டூல் அங்கேயே இருக்கிறது, பம்ப் ரூமில்,
கோட்டுக்குக் கீழே.