வால் உள்ளது, வால் இல்லாதது

லாஸ்பேட்டைக் கடைக்காரர்
இரண்டையும் பிரித்துக் காட்டினார்.
ஒன்றுக்குப் பதினெட்டு மீட்டர் நீல வால்.
மற்றது மொழுக்கென்று, ஆமை மாதிரி.

வால் உள்ளது ஓயாது என்றார்.
கரண்ட் இருக்கும்வரை, என்று சேர்த்துக்கொண்டார்.
வால் இல்லாதது இரண்டரை மணி நேரம்.
அப்புறம்
எங்கே நிற்கிறதோ அங்கே.

துலூஸிலிருந்து பெர்னதெத் அம்மா
ஒயர் அசிங்கம் என்கிறார்.
படத்தில் நீலம் மட்டும் தெரியவேண்டுமாம்.

அவருக்குப் படம்.
எனக்குத் தந்திராயன்குப்பத்துக் காற்று,
அது கொண்டுவந்து போடும் சவுக்கு ஊசி,
பெங்களூர்ப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வெடித்த ஜிகினாத் தாள்,
உப்பரித்துப் பச்சை பூத்த ப்ளக்.
போன கார்த்திகையில் ட்ரான்ஸ்பார்மர் போய்
நான்கு நாள்
நீச்சல் குளத்தைத் தவளைகள் நடத்தின.

ஆக, பேட்டரிதான் என்று முடிவுக்கு வந்திருந்தேன்.

சிகாமணி மோட்டார் அறையிலிருந்து
கையைத் துடைத்தபடி வந்தான்.
"வால் இருந்தா இஸ்துக்கலாம்.
இல்லன்னா எட்டடியில போய்ப் படுத்துக்கும்,
நான் லீவுல இருந்தா நீங்கதான் குதிக்கணும்."
கொஞ்சம் நிறுத்தி,
"உங்களுக்குத்தான் நீச்சல் வராதே."

ஒன்பது வருடமாக
குளத்தின் ஓரமாகவே நடந்து நிர்வாகம் செய்கிறேன்.
எப்போது பார்த்தான்?

காரணம் என்ற கட்டத்தில்
'உத்தரவாதம் மூன்று ஆண்டு' என்று எழுதி
துலூஸுக்கு அனுப்பினேன்.

இன்று காலை வால் ஏணியில் சுற்றிக்கொண்டது.
முதல் படியில் இறங்கி,
கணுக்கால் தண்ணீரில் நின்று,
அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.