ஐந்தைவிடச் சிறியது

புந்தா அரேனாஸில் ஜூன் பிறந்தால்
நாலரை மணிக்கே இருட்டிவிடும்.
நகராட்சி நூலகத்தின் நிலவறையில்
ஒரே ஒரு அச்சுப்பொறி, எட்டுப் பேர்.
"திரையை வணக்கம் சொல்லவைக்க
உங்களுக்கு நான் தேவையில்லை," என்றாள் யாஸ்னா.
"வீட்டில் எது சரியில்லையோ
அதைக் கொண்டுவாருங்கள்."

நான் அடுப்பின் திருகைக் கொண்டுபோனேன்.
ஆரம் என்ற இடத்தில்
இருபதுக்குப் பதில் இரண்டு.
பருப்பளவில் ஒரு திருகு
இளஞ்சூட்டோடு உள்ளங்கையில் விழுந்தது.
பள்ளம், கோடு, எல்லாம் அச்சு அசல்.
எறும்பு வீட்டு அடுப்புக்கு ஆகும் என்றார்கள்.
பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டுகிறேன்,
என் தவறு எதுவும்
இத்தனை அழகாக அமைந்ததில்லை.
இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.

பக்கத்து மேசைக்காரன் பாலம் வரைந்தான்,
அடியில் தாங்கல் வைக்க மறந்து.
பொறி மறுபேச்சுப் பேசவில்லை,
சொன்னபடியே வெறுங்காற்றில் கட்டியது.
காலையில் பார்த்தால் இடியாப்பச் சிக்கல்.

நண்டு ஆலையில் வேலை செய்யும் ஒந்தினா
ஒரு காகிதம் மட்டும் கொண்டுவந்தாள்.
ஆறு ஜன்னல், ஆறு இடுக்கு,
சில்லறைக் காசுகளைச் செருகி
அளந்த ஆறு எண்கள்.
"ஆறு ஆப்பு வரையணும்."
"ஒன்று போதும். தடிமனுக்கு ஒரு பெயர் வை."
யோசித்து, 'காற்று' என்று தட்டினாள்.

காற்று = 4.
எண்ணைக் கூட்டினால் ஆப்பு பருத்தது,
குறைத்தால் மெலிந்தது.
குழாயைத் திறந்து திறந்து மூடும் குழந்தை மாதிரி
பத்து நிமிடம் அதையே செய்தாள்.
பிறகு சுழல்:
பூச்சியத்தில் தொடங்கு,
ஐந்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை.

இழை மேல் இழையாக
இரவெல்லாம் அடுக்கியது பொறி.
நிரல் என்றாலே வரிசைதானே.

மறுநாள் காகிதப் பையோடு வீடு போனாள்.
செருகச் செருக
ஒவ்வொரு ஜன்னலாக வாயடைத்தது.
ஆறாவதன் முன் நின்று
பைக்குள் கையை விட்டால்
பிசிறு இரண்டு.

அன்றிரவு நீரிணைக் காற்று
ஐந்து சட்டங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு
ஆறாவதைப் பிடித்து உலுக்கியது.
போர்வைக்குள் விரல் விட்டு எண்ணினாளாம்,
பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
"சமக்குறி போடலை!"
"யாருக்கு?" என்றான் நிபால்தோ, பாதித் தூக்கத்தில்.
"ஒண்ணுமில்லை. நீ தூங்கு."