எல்லாத் துளையும்

ஓல்டாமில் மூடிய நூற்பாலை,
அதன் கணக்கறையிலிருந்து வந்த பெட்டி எண் நாற்பது.
எடை போட்டு, எழுதி, அரைவைக்கு அனுப்ப வேண்டும்.
என் வேலை அவ்வளவுதான்.

மேலே மூன்று ஹார்ட் டிஸ்க், ஒன்று கிலுகிலுத்தது.
கீழே சிடிக்கள், முதுகில் வெள்ளி உரிந்து
பூச்சி தின்ற இலை மாதிரி.
அதற்கும் கீழே ஃபிளாப்பி:
‘சம்பளம் 91, தொடாதே’, சிவப்புப் பேனாவில்.
யாரும் தொடவில்லை. தொட்டாலும்
அதைக் கவ்வும் வாய் இந்தக் கட்டடத்தில் எந்த மெஷினுக்கும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால்
பாதரசக் குழாயில் எண்ணை ஒலியாக்கி ஓடவிட்டார்களாம்.
அந்த முனையில் பிடித்து மறுபடி இந்த முனையில்.
கொழுக்கட்டை கொழுக்கட்டை என்று
சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினவன் கதைதான்.
ஒரு வாய்க்கால் தாண்டினால் போச்சு, அத்திரிபாச்சா.

அடியில் ஒரு பிஸ்கட் டின்.
காகித நாடா. ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தது.
ஓரத்தில் பென்சில்: வி. ஆர்மராட், வாரம் 20, 1968.

ஜன்னலில் பிடித்தேன்.
மழை வெளிச்சம் துளை துளையாக விழுந்தது.
குறியீட்டு அட்டவணையை போனில் வைத்துக்கொண்டு
டீ ஆறும்வரை எழுத்துக்கூட்டினேன்:
எஸ். தரார், பதினான்கு பவுன், இரண்டு ஷில்லிங்.
அடுத்த வரியில் எழுத்தே இல்லை.
குறுக்கே எட்டுத் துளையும், வரிசை வரிசையாக.

போட்ட துளையை மூட முடியாதே.
அழிக்க வேண்டுமென்றால்
மிச்சத் துளைகளையும் போட்டுவிடுவார்கள்.
எல்லாத் துளையும் என்றால் ஒன்றுமில்லை;
மெஷின் தாண்டிப் போய்விடும்.

நான் எண்ணினேன். பத்தொன்பது.
பெயரும் கூலியும் சேர்த்துப் பத்தொன்பது.
செத்தவனா, சீட்டு கிழிந்தவனா,
இல்லை, ஆர்மராட் அம்மாவின் விரல் தடுக்கியதா?
பிழையென்றால் திருத்தம் கீழே இருக்கும் என்று
அடுத்த அங்குலத்தையும் படித்தேன்.
பி. ஹ்னாட்டியுக். பதின்மூன்று பவுன்.

“நாற்பது முடிந்ததா?” கரேத் கதவைத் தட்டினான்.
ஆறு கிலோ எழுநூறு.
‘உள்ளடக்கம்’ என்ற கட்டத்தில்
காகிதம், பிளாஸ்டிக், உலோகம் என்று எழுதினேன்.
டின்னைக் கவிழ்த்தேன்.
வெட்டுண்ட பொட்டுகள் குருணை அரிசியாகக் கொட்டின,
எது எவன் பெயரிலிருந்து விழுந்ததோ.

இரவு, சோறு பிசையும்போது பார்த்தேன்.
நகக்கண்ணில் ஒன்று.