பதினேழாம் துண்டு

துண்டுக்கு வாடகை வாரம் ஒரு தெனியே.
அதைப் பல்கலைக்கழகம் குறித்தது.
மெழுகு சிந்தினால் அரை தெனியே கூடுதல்.
அதை நான் குறித்தேன்.
கோபேர் போய்ச் சேர்ந்தபின்
மெழுகுக்கும் விரல் அழுக்குக்கும்
இந்தக் கடையில் நானே சட்டம்.

கிரேக்கன் சொன்னதற்கு
அரபுக்காரன் சொன்னதற்கு
எங்கள் ஆசான் ஒருவர் சொன்னது:
அறுபத்திரண்டு துண்டுகள், தைக்காமல்,
ஆளுக்கொன்றாய் மாணவர் கையில்.
புத்தகம் முழுதாய் என் அலமாரியில்
இருந்த நாளே கிடையாது.
முழுமை எங்கே இருக்கிறதென்று
பாரீஸில் வைக்கோல்மேல் உட்கார்ந்து
தொண்டை கட்டச் சண்டை போடுகிறார்கள்.
என்னைக் கேட்டால் சொல்வேன்:
கடன் ஏட்டில்.

பதினேழாம் துண்டில் ஓர் ஓட்டை.
கன்று உயிரோடிருந்தபோது
ஏதோ ஓர் ஈ கடித்தது.
தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதும்
கடிவாய் பருப்பளவு திறந்துகொண்டது.
எழுதியவர் கோபேர்.
ஓட்டைவரை வந்து, பேனாவைத் தூக்கி,
அக்கரையில் இறங்கிப் போனார்:

இயற்கையில் வெற்        றிடம் இல்லை.

பத்து வருடம் யாரும் சிரிக்கவில்லை.
வாடகைக்குப் படிக்கிறவனுக்கு
சிரிக்க ஏது நேரம்.

தவக்காலம். தெருவெல்லாம் உப்பு மீன் நாற்றம்.
ஆயரின் பட்டியல் வந்தது,
இருநூற்றுச் சொச்சம் வாக்கியங்கள்,
சொன்னவனுக்கும் விலக்கு, கேட்டவனுக்கும் விலக்கு.
உலகுக்குத் தொடக்கமில்லை என்பது கூடாது.
எல்லா மனிதருக்கும் அறிவு ஒன்றே என்பது கூடாது
(எங்கள் தெருவில் ஒருநாள் நின்றவன்
அதைச் சொல்லியிருக்கவே மாட்டான்).
வானத்தைக் கடவுளால் நேர்கோட்டில் தள்ள முடியாது,
தள்ளினால் பின்னால் வெற்றிடம் மிஞ்சும்
என்பதும் கூடாது.
அவரால் முடியாதென்று ஒன்றை
எந்த வாயும் சொல்லக்கூடாது.

ஆயரின் எழுத்தர் ஒடார் வந்தார், மூக்கில் சளியோடு.
ஒவ்வொரு துண்டாய் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
பதினேழில் விரல் நின்றது.
"சுரண்டு, எரம்பூர்."

கத்தியைத் தீட்டினேன்.
மாசிக்காய் மை, கோபேர் தானே காய்ச்சியது,
தோலுக்குள் வேர் விட்டிருந்தது.
'இல்லை' போனது.
'றிடம்' போனது.
'வெற்' எடுக்கும்போது தோல்
தூக்கத்தில் விடும் மூச்சுபோல
மெல்லக் கிழிந்தது.

வெற்றிடம் இல்லை என்றிருந்த இடத்தில்
இப்போது வெற்றிடம்.
ஒரு தெனியே தாராளமாய் உள்ளே விழும்.

ஒடார் அதன்வழியே என்னைப் பார்த்தார்.
நானும் அவரைப் பார்த்தேன்.
ஏதோ கேட்க வாயெடுத்தவர்
தும்மினார்.
பட்டியலில் ஒரு கோடிட்டு
அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

மடியில் கோபேரின் ஒரு வரி,
கருந்தூளாய்.
உதறுவதா ஊதுவதா தெரியாமல்
விளக்கேற்றும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோசுவின் வந்தான்,
ஃப்ளாந்தர் பையன், எதற்கும் பேரம் பேசுபவன்.
"இவ்வளவு பெரிய ஓட்டைக்கு
வாடகை குறையாதா?"
ஓட்டைக்குத் தனியாகக் கேட்கவில்லையே,
அதுவரை சந்தோஷப்படு என்றேன்.

எட்டாம் நாள் திருப்பித் தந்தான்.
தன் பிரதியையும் பெருமையாய் விரித்தான்.
நல்ல ஆட்டுத்தோல், ஈ தொடாதது.
ஆனாலும் நடுப்பக்கத்தில் வரிகள் விலகி
ஆற்றுத் தீவைச் சுற்றும் தண்ணீராய்
ஒரு வட்டத்தைச் சுற்றிப் போயின.
உள்ளே ஒன்றுமில்லை.
"மூலத்தில் உள்ளபடிதானே எழுதவேண்டும்?"

அந்த வட்டத்தில் விரலை வைத்தேன்.
உள்ளே போகும் என்று நினைத்தேன் போலும்.
தோல் தடுத்தது, குளிர்ந்து, வழவழவென்று.

அவன் மூலையில் சிந்தியிருந்த மெழுகுக்கு
அரை தெனியே வாங்க
மறந்துபோனேன்.