மேலே இருக்கும் கோடு

கெயோன் துறைமுகத்தில் மழை நின்ற நாளை
ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.
சிப்பி ஆலையில் இரவு வேலை முடித்து
நக இடுக்கில் உப்போடு நூலகம் போனேன்.
அங்கே கதகதப்பு இலவசம்,
கணினி ஒரு மணி நேரம்.

பையில் ஒரு மீன் ரசீது.
அதன் முதுகில் என் தங்கை எடித்தின் கையெழுத்து:
பெயர், புள்ளி, இன்னொரு சொல், சாய்கோடு, படகு.
புந்தா அரேனாஸிலிருந்து
ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரன் வழியாக
பதினோரு வருடத்தில் அவள் அனுப்பியது இவ்வளவுதான்.

திரையின் நடுவே வெள்ளையாய் ஒரு பெட்டி.
இன்டர்நெட் என்றால் அதுதான் என்றிருந்தேன்,
கதவும் அது, வீடும் அது, வீட்டுக்காரனும் அது.
ஒற்றை விரலால் எழுதினேன்.
புள்ளி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நாற்பது லட்சம் விடைகள்.
லிமாவில் எடித் என்றொரு பல் மருத்துவர்.
ஸ்பெயினில் ஓர் எடித்துக்கு இரங்கல் செய்தி;
நெஞ்சு நின்று, வயதைப் படித்து, மறுபடி அடித்தது.
படகு விற்பனைக்கு.
மலிவு விலையில் படகு.

“கூகுள் உடைந்துவிட்டது” என்றேன்.
பால்தோமெரோ எழுந்து வந்தார்,
முன்பு படகுத்துறையில் சீட்டுக் கிழித்தவர்.

“இந்தச் சன்னல் முழுவதும்,
அதோ மூலையில் நரி சுருண்டிருக்கிறதே, அது உலாவி.
அதுதான் படகு. சொன்ன இடத்துக்குப் போகும்,
எங்கே போவது என்று அதற்குத் தெரியாது.
நடுவில் இருக்கும் பெட்டி தேடுபொறி.
அது துறையில் நிற்கும் விசாரிப்பு ஆள்.
போய்ப் பார்த்த ஊரைத்தான் சொல்வான்,
காசு கொடுத்த ஊரை முதலில் சொல்வான்.
வேறு படகில் வந்தும் அவனையே கேட்கலாம்,
இதே படகில் இருந்து வேறு ஆளையும் கேட்கலாம்.
நீங்களோ
முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு
வழி விசாரிக்கிறீர்கள்.”

படகைப் பற்றி எனக்கா சொல்கிறாய்
என்று வாய்வரை வந்தது.
அப்பாவின் படகு யாருக்கு என்பதில்தானே
அந்தப் பதினோரு வருடம்.

உச்சியில் ஒரு மெல்லிய கோடு.
“இங்கே எழுதுங்கள், உள்ளது உள்ளபடி.”
எழுதினேன்.
புள்ளிக்குப் பதில் கால்புள்ளி விழுந்துவிட்டது.
புரியாததை எல்லாம் அந்தக் கோடும்
அதே ஆளிடம்தான் தள்ளுமாம்:
லிமா மருத்துவர் மறுபடி பல்லைக் காட்டினார்.

இரண்டாம் முறை
ஒவ்வோர் எழுத்தாய், புள்ளியைப் புள்ளியாய்.

தலைப்பில்லாத ஒரு பக்கம்.
ஒரே படம்.
முக்காலிகள் மேல் கவிழ்த்த எங்கள் படகு,
பழைய வண்ணம் சுரண்டப்பட்டு,
ஒரு பாதி மட்டும் புது மஞ்சள்.
கீழே: “மறுபாதிக்கு என்ன நிறம்?”
அதன் கீழே, எழுத ஒரு கட்டம்.

“இது ஏன் அவனுக்குத் தெரியவில்லை?”
“வேறெந்தப் பக்கமும் இதற்கு வழி காட்டியிருக்காது.
அவன் இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டான்.”
பால்தோமெரோ தன் மேசைக்குப் போய்விட்டார்.

மஞ்சளோடு எது சேரும் என்று
அந்த ஆளிடம் கேட்டால் என்ன?
விரல் நடுப் பெட்டியைத் தேடியது.
இந்தப் பக்கத்தில் அது இல்லை.

இன்னும் மூன்று நிமிடம் என்றது திரை.
பச்சை என்று எழுதினேன்.
அழித்தேன்.
பச்சை கடலுக்கு ஆகாது என்பார் அப்பா.

பச்சை என்றே எழுதினேன்.