பதினெட்டாவது தவணை

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது.
கூட்ஸ் ஒன்று எண்ணெய் டாங்க்குகளை
அவசரமில்லாமல் இழுத்துப் போனது.
மீன்பாடி வண்டியில் நின்றபடி வந்த பிரிட்ஜ்
நாற்பது நிமிடம் வெயிலில் காத்திருந்தது.
அதற்குள் தெருவே அதைப் பார்த்துவிட்டது.

ஞாயிறு சபையில் சாட்சி சொன்னேன்:
மூன்று வருட ஜெபம், கர்த்தர் கொடுத்தார்.
பைனான்ஸ் கம்பெனி கொடுத்ததைச் சொல்லவில்லை.
போதகர் வந்து கதவில் எண்ணெய் தொட்டு ஜெபித்தார்.
அந்தக் கறையைக்கூட
ஒரு மாதம் துடைக்காமல் வைத்திருந்தேன்.

கைப்பிடிக்கு உறை தைத்தேன். தலைமேல் லேஸ் துணி.
பூட்டும் இருந்தது.
சாவியைத் தாலிச்சரட்டில்
ஊக்குகளோடு ஊக்காக மாட்டிக்கொண்டேன்.
"ஒரு சொம்பு ஐஸ் தண்ணி குடேன்" என்று
கன்னியம்மா கேட்ட மதியம்
கரண்ட் இல்லை என்றேன்.
என் முதுகுக்குப் பின்னால்
அது உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது,
பொய் சொல்லத் தெரியாத பொருள்.

அன்றிரவு முழங்காலில் நின்றும்
கண் மூடவில்லை. அந்தச் சத்தம்தான்.
கர்த்தர் பேசினார் என்று சொல்லமாட்டேன்.
பேசியிருந்தால்
இதைவிட மெதுவாகத்தான் பேசியிருப்பார்.

சித்திரை முடிகிற வாரம்
ரஹிமுன்னிசா வந்தாள், கையில் மண்சட்டி.
ஈர மணலுக்குள் பிளாஸ்டிக் பையில்
மகனுடைய இன்சுலின். ஸ்டான்லியில் கொடுத்தது.
"சட்டி சூடாவுதுக்கா."
அவ்வளவுதான். கேட்கக்கூட இல்லை.
சாவி ஊக்கில் சிக்கிக்கொண்டது.
அவள் பார்த்து நிற்க
அதைப் பிரித்தெடுக்க ஆன நேரம்
இன்னும் என் காதை எரிக்கிறது.

இரண்டாவது தட்டு பையனுடையதானது.
காலை ஏழுக்கு ஒருமுறை, இரவு எட்டுக்கு ஒருமுறை
அவனே வந்து எடுத்துக்கொள்வான்.
பிறகு பூட்டு எதற்கு?

பிறகு எத்திராஜின் தோசை மாவு வந்தது.
பிறகு தேசம்மாவின் விற்காத மல்லி.
என் பாலில் மல்லி வாசம்.
பிறகு காசிமேட்டிலிருந்து கன்னியம்மாவின் நெத்திலி.
மல்லியில் நெத்திலி வாசம்.
இரண்டு பேருக்கும் சண்டை,
என் சமையலறையில், நான் இல்லாதபோது.
துளசிங்கம் பேப்பரில் சுற்றி வைத்த பாட்டிலை மட்டும்
இயேசுவின் நாமத்தில்
வெளியே எடுத்து வைத்தேன்.

நல்லவளாகிவிட்டேன் என்று எழுதவில்லை.
கரண்ட் பில் வந்த அன்று கத்தினேன்.
கதவு ரப்பர் பிய்ந்த அன்று அழுதேன்.
திறந்த கை தானாகவே
திரும்ப மூடப் பார்க்கிறது.
தினமும் விடியலில்
ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.
சுண்டுவிரல்தான் கடைசிவரை அடம்பிடிக்கும்.

ஐப்பசி மழையில் தண்ணீர் வாசற்படி ஏறியபோது
என் பீரோவை யாரும் தொடவில்லை.
நாலு பேர் ஓடி வந்து
பிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றினார்கள்.
"எங்க மாவு உள்ள கீதுக்கா!"
முதலில் தோள் கொடுத்தது துளசிங்கம்.

நேற்று பதினெட்டாவது தவணை கட்டினேன்.
பைனான்ஸ் பையன் அட்டையில் குறுக்கே கோடு இழுத்து
"இனிமே உங்களுதுக்கா" என்றான்.
வீட்டுக்கு வந்து திறந்தேன்.
இன்சுலின். மாவு. மல்லி. நெத்திலி.
யாருடையதென்றே தெரியாத
அரை எலுமிச்சம்பழம்.

ஒரு தண்ணீர் பாட்டில் வைக்க இடம் தேடினேன்.
மல்லியைத் தொடுவதற்கு முன்
வாசல் பக்கம் குரல் கொடுத்தேன்:
"தேசம்மா, உன் பூவக் கொஞ்சம் நகத்திக்கிறேன்."

"வெச்சிக்கோக்கா, பரவால்ல" என்று
தெருவிலிருந்து
அனுமதி வந்தது.