இழப்பீட்டுப் படிவம்

தலமலையில் பதினோரு வருஷம்.
மண்சாலை ஈரத்தில் தடம் கிடந்தால்
கண்ணாடியை மேலே வைத்துக் கோடு பிடிப்பேன்.
ஆணா பெண்ணா, குட்டி கூட வருகிறதா,
அன்றைக்கே சொல்லிவிடுவேன்.
கேமரா வந்த பிறகு
புலிக்கு எண் வந்தது.
வரிதான் அதற்குக் கைரேகை.

மாற்றல் உத்தரவில் மோர்ப்பண்ணை.
மரமில்லை. அகழியில்லை.
இடுப்பளவுக் கலங்கல் அரை மைல் போகிறது.
அடியில் தாழை மேயும் ஆவுளியாவை
எண்ணச் சொல்கிறார்கள்.
மேய்ந்த தடம் ஏர் உழுத சாலாய்ப்
புல்லுக்குள் வெளுத்து ஓடும்,
கச்சான் திரும்பினால் அழியும்.
முதுகைப் பார்த்து அடையாளம் எழுது என்றார் ரேஞ்சர்.
பார்த்தேன்.
வரி இருந்தது.
நான்கு கோடு, சாய்வாக, ஒரே இடைவெளியில்.
தாய் கொடுத்ததில்லை,
விசைப்படகின் விசிறி போட்டது.

சிங்கராயன் கூப்பிட்டது வெள்ளிக்கிழமை,
விடிகாலை மூன்று மணி.
"திருக்கை வலையில மாட்டிக்கிச்சு சார்.
மூச்சுக்கு மேல வரமுடியல.
அறுக்கவா?"
அறு என்றேன்.
எனக்கு இரண்டு எழுத்து.
அவனுக்கு நாற்பத்திரண்டாயிரம்,
அதில் பாதி இன்னும் வட்டியில் ஓடுகிறது.

காலையில் வந்து
வலையின் மிச்சத்தை மேசைமேல் போட்டான்.
கோப்புகள் நனைந்தன.
என்னிடம் இருந்தது மலையிலிருந்து வந்த படிவம்:
இறந்த கால்நடை, பசு எருமை ஆடு.
தாக்கிய விலங்கு, புலி சிறுத்தை இதர.

இதே படிவத்தை
இக்கலூர் மாதம்மாவுக்கு நிரப்பியிருக்கிறேன்.
சினைப்பசு. கைநாட்டு. மூன்று புகைப்படம்.
பணம் வர ஏழு மாதம்.
அதற்கு முந்தின மாதம் ஐந்து பேருக்கு
வரவேயில்லை என்பது ஊருக்குத் தெரியும்.
மறுநாள் இரவு மீதி இறைச்சிக்கு
புலி திரும்பி வந்தது.
அதற்குள் யாரோ குருணை மருந்து தூவியிருந்தார்கள்.
யார் என்று நான் கேட்கவில்லை.
பெண் புலி. எண் இருந்தது.
வயிற்றுக்குள் இருந்த மூன்றுக்கு
எண் இல்லை.

அங்கே மாடு செத்தால் புலிமேல் புகார்.
இங்கே மாடுதான் புலி.
இறந்தது என்ற இடத்தில் வலை என்று எழுதினேன்.
தாக்கியது என்ற இடத்தில்
பேனா நின்றது. இதர.

"எத்தனை மாசம் சார் ஆகும்?"
மின்விசிறி சுற்றும் சத்தம் இருவருக்கும் கேட்டது.
ஏழு என்ற சொல்
நாக்குக்கு அடியில் உப்பாய்க் கிடந்தது.
நானே ராமநாதபுரம் கொண்டுபோகிறேன் என்றேன்.
கேள்விக்கு அது பதிலில்லை.
அவனும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"அறுத்துவிட்டதும் உடனே போகல சார்.
பக்கத்துல சின்னது ஒண்ணு நின்னுச்சு."

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
கணக்கு நோட்டை எடுத்து
தேதி போட்டேன்.
குட்டி, ஒன்று.
கேட்டது. பார்க்கவில்லை.